எலனின் அப்பாவிடம் நான் காட்டாத காகிதம்

பிரபு,

போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ என்னிடம் மன்னிப்புக் கேட்டாய். "சாரிப்பா, எலன் ஏன் இப்படி நடந்துக்கறாள்னு எனக்கே புரியல. ரெண்டு மாசமா உங்க வீட்டுக்கு வரமாட்டேங்கறா, போன்ல பேசமாட்டேங்கறா. நேத்து நல்லா கேட்டுட்டேன். எங்கப்பா உனக்கு என்ன பண்ணினார்னு கத்திட்டேன். அழுதா, ஆனா ஒண்ணும் சொல்லல" என்றாய். நான் "பரவால்ல தம்பி, விடு" என்று சொல்லி ரிசீவரை வைத்துவிட்டேன். பரவாயில்லை என்று சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கிறது? நீ கத்திக் கேட்ட கேள்விக்கு அவளிடம் பதில் இருந்தது. உன் அப்பா என்ன செய்தார் என்று அவளுக்குத் தெரியும். இரண்டு மாதத்துக்கு முன்னால் நானே போய்ச் சொன்னேன். உன் காதுக்கு அது வரக்கூடாது என்று நினைத்துத்தான் உன் மனைவி உன்னிடம் திட்டு வாங்கிக்கொண்டு பேசாமல் இருக்கிறாள்.

இதை ஆங்கிலத்தில் எழுதத்தான் முதலில் உட்கார்ந்தேன். அதில் எனக்கு வசதியான வார்த்தைகள் நிறையக் கிடைத்தன. 'அன்ஃபார்ச்சுனேட்' என்று ஒன்று, 'மிஸ்அண்டர்ஸ்டாண்டிங்' என்று ஒன்று. முப்பது வருடம் ஆபீஸ் கடிதங்கள் எழுதியவனுக்குத் தன் தப்பை ஆளில்லாத தப்பாக எழுதத் தெரியும். ஒரு பக்கம் எழுதிக் கிழித்துப் போட்டேன். எட்டு வயதில் பொள்ளாச்சியிலிருந்து வந்தவன் நீ, தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய். பரவாயில்லை, மெதுவாகப் படி. இன்னும் மூன்று வாரத்தில் நீங்கள் இருவரும் டெக்சாஸுக்குக் கிளம்புகிறீர்கள். அதற்குள் உனக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

தொண்ணூற்றொன்றில் எனக்கு வேலை போனது உனக்கு நினைவிருக்கும். நீ அப்போது காலேஜில் இரண்டாம் வருடம். பதினொரு மாதம் ரெஸ்யூமே அனுப்பிக்கொண்டே இருந்தேன். ஐம்பதை நெருங்கும் எலெக்ட்ரானிக்ஸ் என்ஜினியரை யாரும் கூப்பிடவில்லை. கடைசியில் கிடைத்தது கவுண்ட்டி ரெக்கார்டு ரூமில், அதாவது மாவட்ட ஆவண அறையில், கிளார்க் வேலை. பழைய கோர்ட்டுக் காகிதங்களைப் பெட்டி பெட்டியாகப் பிரித்து, தூசி தட்டி, வரிசைப்படுத்தி, மைக்ரோஃபிலிம் எடுத்து, எந்தப் பெட்டியில் யார் பெயர் இருக்கிறது என்று அட்டவணை எழுத வேண்டும். எனக்கு மேலதிகாரியாக இருந்த பெண்ணுக்கு உன்னைவிட நான்கு வயது அதிகம் இருந்தால் பெரிது. நம் தமிழ் நண்பர்களிடம் 'கன்சல்டிங்' பண்ணுவதாகச் சொன்னேன். வெறுமனே சொன்னதோடு விடவில்லை, அந்தப் பொய்க்கு உன்னையும் உடந்தையாக்கினேன். சண்முகம் அங்கிள் பகலில் போன் செய்தால், "அப்பா கிளையன்ட் சைட்ல இருக்கார் அங்கிள்" என்று சொல்ல உனக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான். லீவுக்கு வந்த பையனை அப்படிப் பேச வைத்துவிட்டு, சாப்பிடும்போது உனக்கு நேர்மையைப் பற்றி வகுப்பு எடுப்பேன். நீ தலையைக் குனிந்துகொண்டு சாப்பிடுவாய். அது அப்போது எனக்கு மரியாதையாகத் தெரிந்தது.

யாரிடமும் சொல்லாத ஒன்றை இப்போது சொல்கிறேன். அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. இருநூறு வருடத்துக் கையெழுத்து முதலில் எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கும். எஸ் எழுத்தை எஃப் போலப் போட்டிருப்பார்கள், பாதி வார்த்தைகளை விழுங்கியிருப்பார்கள். ஆறு மாதத்தில் எனக்கு அது பழகிவிட்டது. மற்றவர்கள் கைவிட்ட காகிதங்களை என் மேசைக்குக் கொண்டுவந்து தருவார்கள். அவ்வளவு பிடித்த ஒரு வேலையைச் செய்துகொண்டே, அது வெளியே தெரிந்துவிடுமோ என்று ஆறு வருடம் பயந்து வாழ்ந்தேன். டெக்சாஸில் உனக்கு என்ன வேலை அமைந்தாலும், நீ போகும் ரிச்சர்ட்சனில் இப்போது ஆட்களை வேலையை விட்டு அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள் என்கிறார்களே, ஒருவேளை அந்த வேலை போனாலும், அன்றைக்கே எலனிடம் சொல்லிவிடு. மறுநாள் மற்றவர்களிடமும் சொல்லிவிடு. ஒரு நாள் தள்ளிப் போட்டால் அடுத்த நாள் இன்னும் கஷ்டமாகும். ஆறு வருடம் தள்ளிப் போட்டவன் சொல்கிறேன்.

எலனின் அப்பா வால்டரை எனக்கு முன்னால் உனக்குத் தெரியும். மான்மவுத் ஜங்ஷன் பக்கம் மாட்டுத் தீவனக் கடை வைத்திருந்தவர். பண்ணைகள் எல்லாம் வீடுகளாக மாறியபோது கடையை மூடிவிட்டு, ஸ்கூல் பஸ் ரிப்பேர் பார்க்கும் வேலைக்குப் போனார். நம் வீடு இருக்கும் இடமே அவரிடம் தீவனம் வாங்கிய ஒருவருடைய சோளக்காடு என்று பின்னால் தெரிந்தது. அதை ஒரு தகவலாகத்தான் சொன்னார், குறையாக அல்ல. மனைவி போனபின் எலனைத் தனியாக வளர்த்தவர். நீ எலனோடு பழக ஆரம்பித்த கொஞ்ச நாளில் சனிக்கிழமைகளில் அவர் வீட்டுக்குப் போக ஆரம்பித்தாய். கூரை மாற்றினீர்கள், டிரக் எஞ்சினைப் பிரித்தீர்கள். கை முழுக்கக் கிரீஸோடு வந்து, "வால்டர் எனக்கு வெல்டிங் சொல்லித் தர்றார்ப்பா" என்றாய். நான் உன்னோடு சேர்ந்து ஒரு ஆணிகூட அடித்ததில்லை. கணக்குச் சொல்லிக் கொடுத்தேன், மார்க்கைக் கேட்டேன், அவ்வளவுதான். ஒருநாள் போனில் நீ அவரை 'பாப்', அதாவது அப்பா, என்று கூப்பிட்டது பக்கத்து அறையில் இருந்த எனக்குக் கேட்டது. அந்த இரண்டு எழுத்துச் சொல் எனக்குள் எங்கோ போய்க் குத்திக்கொண்டது. அதை நான் எடுத்துப் போடவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை அவர் ரெக்கார்டு ரூமுக்கு வந்தார். கையில் ஒரு பழைய ஃபோல்டர். கவுண்ட்டரில் என்னைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. "நீங்களா! நாலு இடத்தில் கேட்டேன், எல்லோரும் இங்கே ஒருத்தர் இருக்கிறார், அவரைப் பாருங்கள் என்றார்கள். அது நீங்கள்தானா!" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நான் இங்கே வேலை செய்வதை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று அப்போதே கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் நிச்சயம் சொல்லியிருக்க மாட்டார். ஆனால் அப்படிக் கேட்டால் என் வெட்கத்தை அவரிடம் ஒப்புக்கொள்ள வேண்டும். அதனால் கேட்கவில்லை.

அவர் தேடி வந்தது ஜேக்கப் ஹென்ட்ரி என்ற தன் முன்னோரை. ஏழு தலைமுறைக்கு முன்னால், இந்த நாடு இங்கிலாந்தை எதிர்த்துப் புரட்சிப் போர் நடத்தியபோது, ஆற்றோரம் ஒரு மாவு மில்லும் மாடுகளும் வைத்திருந்த விவசாயி. குளிர்காலத்தில் பட்டினி கிடந்த புரட்சிப் படைக்குத் தன் மாவையும் மாட்டிறைச்சியையும் பனியில் வண்டி ஓட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தார் என்பது அவர்கள் வீட்டுக் கதை. வால்டருக்கு அவருடைய அப்பா சொன்னது. எலனுக்கு வால்டர் சொன்னது. பள்ளிக்கூடத்தில் அவள் அதை வைத்து அட்டையில் ஒரு வண்டிகூடச் செய்து கொண்டுபோனாளாம். போரில் உதவியவர்களின் வாரிசுகளுக்கு ஒரு சங்கம் இருக்கிறது. துப்பாக்கி எடுத்தவர்களை மட்டுமல்ல, உணவும் தீவனமும் கொடுத்தவர்களையும் ஒத்துக்கொள்வார்கள். காகித ஆதாரம் மட்டும் வேண்டும். ஆதாரம் இருந்தால் கல்லறையில் ஒரு வெண்கலத் தகடு வைக்கலாம். "அவர் யாரையும் சுடவில்லை. பசித்தவர்களுக்குச் சாப்பாடு போட்டார். தீவனக் கடைக்காரனுக்கு இதைவிட நல்ல முன்னோர் வேண்டுமா?" என்று சிரித்தார்.

ஏழு மாதம், செவ்வாய் தவறாமல் வந்தார். நான் என் சாப்பாட்டு நேரத்தையும் அவரோடு உட்கார்ந்துவிடுவேன். உயில் கிடைத்தது, நிலப்பத்திரம் கிடைத்தது, மில்லும் மாடுகளும் குறித்த வரிப்பட்டியல் கிடைத்தது. ஒவ்வொரு தலைமுறையாகப் பின்னால் நடந்துபோய் ஜேக்கப்பைத் தொட்டுவிட்டோம். அவர் படைக்கு உணவு கொடுத்ததற்கான காகிதம் மட்டும் கிடைக்கவில்லை. ஆகஸ்டில் தன் தோட்டத்துத் தக்காளியைப் பையில் கொண்டுவந்து தருவார். நான் ஒரு வரியைப் படித்துச் சொன்னால், குழந்தை மாதிரிக் கை தட்டுவார். அந்த ஏழு மாதமும் நான் அவரை வெறுக்கவில்லை பிரபு. நீ அப்படி நினைத்துவிடக் கூடாது. எனக்கு அவரைப் பிடித்திருந்தது. பிடித்த ஒருவருக்குத்தான் இதைச் செய்தேன்.

அதற்கப்புறம் நம் வீட்டில் உங்கள் நிச்சயம் நடந்தது. நாற்பது பேர் வந்திருந்தார்கள். நம் ஊர்க்காரர்கள், என் பழைய கம்பெனி நண்பர்கள், சண்முகம் குடும்பம் எல்லோரும். தட்டு மாற்றி முடிந்தபின் வால்டர் எழுந்து நின்றார். கழுத்தில் டை இறுக்கமாக இருந்ததால் முகம் சிவந்திருந்தது. "என் மகளுடைய மாமனாரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இவர் கவுண்ட்டி ரெக்கார்டு ரூமில் கிளார்க். அங்கே எல்லோரும் கைவிட்ட காகிதத்தை இவர்தான் படிக்கிறார். என் குடும்பத்தை எனக்குத் தேடிக் கொடுத்துக்கொண்டிருப்பவர். இப்படிப்பட்டவருடைய வீட்டுக்கு என் பெண் வருவது எனக்குப் பெருமை" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். நீ போய் அவர் தோளில் கை போட்டாய். யாரும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சண்முகம் தன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மௌனத்தில் நாற்பது பேரும் மனதுக்குள் சிரிப்பதாக எனக்குக் கேட்டது. ஆறு வருடம் கட்டிக் காத்ததை, என் வீட்டுக் கூடத்திலேயே, என் பையன் 'பாப்' என்று கூப்பிடும் மனிதர் ஒரு நிமிடத்தில் அவிழ்த்துவிட்டார். அவர் என்னைப் பாராட்டினார் என்பது எனக்கு அன்று உறைக்கவே இல்லை.

மூன்று வாரம் கழித்து அந்தக் காகிதம் என் கைக்கு வந்தது. வழக்கு நடத்தலாமா என்று பார்க்கும் ஊரார் குழுவான கிராண்ட் ஜூரி போட்ட குற்றப்பத்திரிகை. ஜேக்கப் ஹென்ட்ரி என்பவன் மாவும் வெண்ணெயும் இறைச்சியும் படகில் ஏற்றி, நியூயார்க்கில் இருந்த ஆங்கிலேயப் படைக்குக் கொண்டுபோய் விற்றான் என்று எழுதியிருந்தது. அந்தக் காலத்தில் நிறையப் பேர் செய்த காரியம்தான். குற்றப்பத்திரிகை என்பது ஒரு தரப்புப் பேச்சு. அடுத்த அமர்வில் கோர்ட்டு என்ன சொன்னது என்று பார்க்காமல் அதை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது. வேறு யாராவது வந்து கேட்டிருந்தால் "பொறுங்க, அடுத்த அமர்வுக் காகிதக் கட்டையும் பாத்துடலாம்" என்று நானே சொல்லியிருப்பேன். வால்டர் விஷயத்தில் நான் பொறுக்கவில்லை. அன்றே ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டேன். அடுத்த செவ்வாய்க்கிழமை வரைக்கும்கூடக் காத்திருக்கவில்லை. அந்த ஞாயிறு மதியம் அவர் வீட்டில் நமக்குச் சாப்பாடு. அவருடைய அண்ணன், அண்ணன் பிள்ளைகள் எல்லோரும் இருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் சட்டைப் பையில் வைத்துக் கொண்டுபோனேன்.

நீயும் அந்த மேசையில் இருந்தாய். அதனால் அதை விவரிக்கப் போவதில்லை. நான் எழுந்து நின்று, நல்ல உச்சரிப்போடு, முழுக்கப் படித்தேன் என்பதை மட்டும் எழுதுகிறேன். வால்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை இரண்டு தடவை வாசித்தார். பிறகு எலனிடம் நீட்டி, "உனக்கு நான் தப்பாகச் சொல்லிவிட்டேன்" என்றார். என்னைப் பார்த்து, "உண்மையைச் சொன்னதற்கு நன்றி" என்றார். சாப்பாடு ஆறுகிறது என்று சொல்லி, பாத்திரத்தை முதலில் என் பக்கம்தான் தள்ளினார். நான் எடுத்துப் போட்டுச் சாப்பிட்டேன். திரும்பி வரும்போது காரில் நீ கேட்டாய்: "அப்பா, தனியா கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாமே?" நான் என்ன சொன்னேன் தெரியுமா? "உண்மைய மறைக்கச் சொல்றியா?" என்றேன். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். உன் கேள்விதான் சரி. அன்று காரில் இருந்த மூன்று பேரில் இரண்டு பேருக்கு அது தெரிந்திருந்தது.

வால்டர் தன் விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார். செவ்வாய்க்கிழமைகளில் வருவதும் நின்றது. ஒரு மாதம் போனபின் அடுத்த அமர்வின் கட்டு என் மேசைக்கு வந்தது. அதில் ஜேக்கப் ஹென்ட்ரி என்ற பெயரைப் பார்த்ததும் மற்ற வேலையை ஒதுக்கிவிட்டுப் படித்தேன். வழக்கு தள்ளுபடி. படகில் போனவன் அதே பெயருள்ள பெரியப்பா மகன், ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்தவன். மில்லுக்காரர் ஜேக்கப் அந்தக் குளிர்காலம் முழுவதும் புரட்சிப் படை ஆட்களுக்கு மாவும் மாடும் கொடுத்தவர் என்று ஊர்ப்படைத் தலைவர் ஒருவர் சத்தியம் செய்து கையெழுத்துப் போட்டிருந்தார். படைக்கு உணவு சேகரித்த அதிகாரியின் ரசீதும் அதோடு ஊசியால் குத்தி வைத்திருந்தது. ஊசி துருப்பிடித்துக் காகிதத்தில் கறையாகியிருந்தது. ஏழு மாதம் அவரும் நானும் தேடியது அதுதான். வால்டர் தேடிய வரி, அவர் சொன்ன கதை, அப்படியே.

அந்த நிமிடமே போன் செய்திருக்க வேண்டும். செய்யவில்லை. கல்யாண வேலை நடக்கிறது, முடியட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது சாக்கு. அவரிடம் போய் நின்று, உங்கள் முன்னோர் நல்லவர், அவசரப்பட்டவன் நான், உங்கள் சொந்தக்காரர்கள் முன்னால் உங்களை வேண்டுமென்றே தலைகுனிய வைத்தேன் என்று சொல்ல வேண்டும். அதற்கு எனக்கு வாய் வரவில்லை. ஒரு ஜெராக்ஸ் எடுத்து வீட்டில் நம் சிட்டிசன்ஷிப் காகிதங்கள் இருக்கும் கவரில் வைத்தேன். மூலத்தை அதன் பெட்டியில் திரும்ப வைத்தேன். அட்டவணையில் மட்டும் அந்தப் பெயரை எழுதவில்லை. அட்டவணையில் இல்லாத காகிதம் இல்லாத காகிதம்தான். யாரும் அதைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. இத்தனை வருட உத்தியோகத்தில் நான் தெரிந்தே செய்த ஒரே மோசடி அது.

உங்கள் கல்யாணத்தில் வால்டர் ஜேக்கப் கதையைச் சொல்வதாக இருந்தார். எலனின் மேசையில் ஒரு குட்டி வண்டி வைக்க வேண்டும் என்றுகூட முன்பு பேசியிருந்தார். அன்று எழுந்து நின்று, வந்தவர்களுக்கு நன்றி மட்டும் சொல்லி உட்கார்ந்தார். போன குளிர்காலத்தில் அவருக்கு நுரையீரல் கெட்டுப்போய் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, ஒரு மதியம் நான் தனியாகப் போயிருந்தேன். நீ கீழே கார் பார்க்கிங்கில் இருந்தாய். அவர் மாஸ்க்கை நகர்த்திவிட்டு, "எனக்கு ஒன்றுதான் உறுத்தல். அம்மா இல்லாத பிள்ளைக்கு இரவில் தூங்க வைக்க நான் சொன்ன ஒரே கதை அது. பொய்யைச் சொல்லி வளர்த்துவிட்டேன்" என்றார். அந்த அறையில் நாங்கள் இரண்டு பேர்தான். ஒரு வரி சொல்லியிருந்தால் போதும். நான் அவர் போர்வையைச் சரி செய்துவிட்டு, "ரொம்பப் பழைய விஷயம் வால்டர், விடுங்கள்" என்றேன். நீ உள்ளே வந்தாய். நான்கு நாளில் அவர் போய்விட்டார். அடக்கத்தின்போது நீ அழுததைப் பார்த்து, உன் முதுகில் தட்டிக் கொடுத்தேனே, அந்தக் கையை எங்கே கொண்டுபோய் வைப்பேன்?

இந்த வருடம் ஏப்ரலில் ஊருக்குப் போகப் பாஸ்போர்ட் தேடும்போது அம்மா அந்த ஜெராக்ஸை எடுத்துவிட்டாள். உட்கார்ந்து முழுக்கப் படித்தாள். "ஏனுங்க, இது எப்பக் கெடச்சுது?" என்று கேட்டாள். கல்யாணத்துக்கு முன்னால் என்றேன். "அந்த மனுசன் சாகறதுக்கு முன்னாடியே இது இங்க இருந்துச்சுங்களா?" என்றாள். ஆமாம் என்றேன். "ஒருத்தர் வூட்டுச் சோத்தத் தின்னுக்கிட்டே அவரு மானத்தப் பறிச்சீங்க. அப்புறம் அதையும் திருப்பிக் குடுக்காம ஒளிச்சு வெச்சிருக்கீங்க. நீங்க போயி அந்தப் புள்ளகிட்டச் சொல்றீங்களா, நான் சொல்லட்டுங்களா?" என்றாள். முப்பத்தொரு வருடத்தில் உன் அம்மா என்னிடம் அந்தக் குரலில் பேசியதில்லை. ஊருக்குப் போகும் டிக்கெட்டையும் கேன்சல் பண்ணச் சொன்னாள்.

நீ இன்டர்வியூவுக்காக டெக்சாஸ் போயிருந்தாய். நான் உங்கள் வீட்டுக்குப் போய், எலன் முன்னால் ஜெராக்ஸை வைத்து, இப்போது உனக்கு எழுதியதை எல்லாம் அவளிடம் சொன்னேன். 'பாப்' என்று நீ கூப்பிட்டது எனக்குக் கேட்டதையும் சொன்னேன். அவள் காகிதத்தைப் படித்தாள். அந்தக் கையெழுத்து அவளுக்குப் புரியவில்லை. என்னைப் படிக்கச் சொன்னாள். படித்தேன். ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "நீங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்த அன்று இது உங்கள் வீட்டில் இருந்ததா?" இருந்தது என்றேன். எழுந்துபோய் வாசல் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள். நான் படியிறங்கும்போது, "பிரபுவிடம் இதைச் சொல்லமாட்டேன். எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து இனி ஒரே ஒரு அப்பாதான் மிச்சம். அவனுக்காவது இருக்கட்டும்" என்றாள்.

அவள் அப்படிச் சொன்னபோது எனக்கு என்ன தோன்றியது என்பதைத்தான் எழுதவே கை கூசுகிறது. நிம்மதியாக இருந்தது. அப்பாடா, பையனுக்குத் தெரியப்போவதில்லை என்று காரை ஓட்டிக்கொண்டு வந்தேன். அம்மாவிடம், "சொல்லிட்டேன், முடிஞ்சுது" என்றேன். இரண்டு மாதம் எலன் கொடுத்த அந்தப் பிச்சையில் சுகமாக இருந்தேன். நீ கத்தியதையும் அவள் அழுததையும் உன் வாயாலேயே கேட்டபின்தான், நான் வால்டருக்குச் செய்ததை அவர் மகளுக்கும் செய்துகொண்டிருக்கிறேன் என்று தெரிந்தது. அவரும் வாயைத் திறக்கவில்லை, அவளும் திறக்கவில்லை. இரண்டு பேர் மௌனத்திலும் நான்தான் நல்ல பெயரோடு இருந்தேன்.

இந்த வாரம் சில வேலைகள் செய்தேன். மேலதிகாரியிடம் போய் அட்டவணையில் நான் விட்ட பெயரைச் சொன்னேன். அவள் என் கையாலேயே எழுதச் சொன்னாள். எழுதினேன். நான் சேர்த்த மற்ற பெட்டிகளையும் இன்னொருவர் சரிபார்க்கப் போகிறார், அது நியாயம்தான். வாரிசுகள் சங்கத்துக்குப் போன் செய்தேன். ரத்த உறவு உள்ளவர்தான் விண்ணப்பிக்க முடியும் என்றார்கள். ஆக, எலன் நினைத்தால்தான் உண்டு. நினைக்க வேண்டும் என்று அவளிடம் யாரும் சொல்லக் கூடாது, நீயும் சொல்லாதே. அப்புறம் சண்முகம் வீட்டுக்குப் போய், என் வேலையைப் பற்றி இத்தனை வருடம் பொய் சொன்னதை ஒப்புக்கொண்டேன். அவர் காபியைக் கையில் கொடுத்துவிட்டு, "அட, அது எங்களுக்கு அப்பவே தெரியுமுங்க. உங்க கார அந்தப் பில்டிங் முன்னால நாலஞ்சு தடவ பாத்திருக்கேன். நீங்களா சொல்லும்போது சொல்லட்டும்னு விட்டுட்டோம். வேலைல என்னங்க இருக்குது?" என்றார். நிச்சயத்துக்கு வந்த பாதிப் பேருக்கு ஏற்கெனவே தெரியுமாம். அன்று வால்டர் எதையும் அவிழ்க்கவில்லை. எனக்குக் கேட்ட சிரிப்பை யாரும் சிரிக்கவில்லை. இல்லாத ஒரு அவமானத்துக்காக அந்த மனிதருடைய கடைசி மூன்று வருடத்தைக் கெடுத்திருக்கிறேன்.

தம்பி, இதைப் படித்ததும் எனக்குப் போன் செய்யாதே. அம்மாவுக்குச் செய், அவள் உன் குரலுக்காக ஏங்கிக்கொண்டிருக்கிறாள். அதற்கும் முன்னால் எலனிடம் போ. கத்தியதற்கு ஒரு காரணமும் சேர்க்காமல் மன்னிப்புக் கேள். எனக்குத் தெரியாது என்று ஆரம்பிக்காதே, அது அவளுக்கே தெரியும். என் சார்பில் ஒரு வார்த்தை பேசாதே. அவளுக்கு அவள் அப்பாவைப் பற்றிப் பேச வேண்டும் என்றிருக்கும். உன்னிடம் அதைப் பேசினால் என் பேச்சும் வந்துவிடும் என்று இத்தனை நாள் அடக்கி வைத்திருப்பாள். இப்போது பேசட்டும். நீயும் பேசு. அவர் உனக்கும் அப்பாதான். அதை நான் இப்போது எரிச்சல் இல்லாமல் எழுதுகிறேன்.

நீங்கள் டிரக்கில் சாமான் ஏற்றிக் கிளம்பும் நாளன்று அம்மா வருவாள். வழிக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறாள். நான் வரமாட்டேன். நீ கூப்பிட்டாலும் வரமாட்டேன். எலன் கூப்பிட்டால் வருவேன். அவளிடம் நீ கேட்டுவிடாதே.

அப்பா